தொட்டிகளை மூடுமுன்: எங்கள் நகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கும், நகர்மன்றத் தலைவர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

ஆற்றோரச் சாலையில் பூட்டிக் கிடக்கும், மரப்பட்டைச் சாற்றில் தோல் பதனிட்ட பழைய பட்டைத் தோல் ஷாப்பை இடித்து, தொட்டிகளில் மண்ணடித்து மூடி, அங்கே வாகன நிறுத்தமும் அதன் ஓரமாக ஒரு நகர வரலாற்றுக் கூடமும் கட்டுவதென்று முடிவெடுத்திருக்கிறீர்கள். கூடத்தில் என்னென்ன இடம்பெறும் என்ற வரைவும் அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. இந்த ஊர் எப்படி ஊரானது என்பதற்கு மிஞ்சியிருக்கும் சாட்சியை இடித்துவிட்டு, அதே மனையில் வரலாற்றுக்குக் கூடம் கட்டுவதை எங்களால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வரைவில் ஆற்காட்டு நவாபுகளுக்கு ஒரு சுவர். 1806 ஜூலை 10 வேலூர்க் கோட்டைப் புரட்சிக்கு ஒரு சுவர். பிரியாணிக்கு ஒரு முழுச் சுவர். தோலுக்கு இரண்டு வரி: இந்நகரம் தோல் ஏற்றுமதியில் பெயர் பெற்றது, இதனால் பலருக்கு வேலைவாய்ப்புக் கிடைக்கிறது. பிரியாணி மேல் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. சீரகச் சம்பாவும் கத்திரிக்காய்க் குழம்பும் இந்த ஊரின் சொத்துதான். ஆனால் அந்தப் பிரியாணியைத் தேடி வந்தவர்கள் என்ன வேலை செய்து பசித்து வந்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை.

எழுதுகிற நாங்கள் சுண்ணாம்புத் தொட்டியிலும் பட்டைத் தொட்டியிலும் வேலை பார்த்தவர்கள், மேஸ்திரிகள், தரம் பிரித்தவர்கள், கணக்கு எழுதியவர்கள். அந்தக் கட்டடத்தில் எது எதற்காக இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். வரைவைத் தயாரித்தவர்களுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. ஆகவே முதலில் அதைச் சொல்கிறோம்.

தோல் ஏன் இந்தப் பக்கம் வந்தது? பாலாறு மேலே காய்ந்து கிடந்தாலும் மணலுக்கடியில் நீர் ஓடிய ஆறு. சில அடி தோண்டினால் ஊற்று. ஊற்றுக்கால் வெட்டி வயலுக்கு நீர் கொண்டுபோன நாடு இது. தோல் வேலைக்கு முதல் தேவை தண்ணீர். ஒரு கிலோ தோலைப் பதமாக்க முப்பது நாற்பது லிட்டர் வேண்டும். இரண்டாவது தேவை பட்டை. ஆவாரை நம் மேட்டு நிலத்திலும் கரட்டிலும் தானாக வளர்வது. கடுக்காய் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும். மூன்றாவது தேவை, சரக்கைத் துறைமுகத்துக்குக் கொண்டுசேர்க்கும் வழி. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து நின்றது நம் வாலாஜா ரோட்டில். அதன் பிறகு தோல் கட்டு சென்னைப் பெரியமேட்டு மண்டிக்கும், அங்கிருந்து கப்பலில் லண்டனுக்கும் போவது எளிதாயிற்று. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவப் பூட்ஸின் மேல்பாகத்துக்குச் சென்னை மாகாணத்துப் பட்டைத் தோல் போயிற்று. ஈஸ்ட் இந்தியா கிப்ஸ் என்று வணிகர்கள் சொன்ன சரக்கு அதுதான். இ.ஐ. தோல் என்ற பெயரில் இன்று அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. வட ஆற்காடு 1989-ல் பிரிந்து, 2019-ல் மறுபடி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றான பிறகும், வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்ற தோல் வரிசை கலையவில்லை. இவ்வளவையும் விட்டுவிட்டு எழுதிய இரண்டு வரி எந்த ஊருக்கு வேண்டுமானாலும் பொருந்தும்.

இனி தொட்டிகள். வரைவில் அவற்றை 'பயனற்ற பள்ளங்கள்' என்று குறித்திருக்கிறீர்கள். அவை பள்ளங்கள் அல்ல. ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும் அந்த வரிசைதான் தொழில். நடுவில் ஒன்றை மூடினாலும் மற்றவை ஏன் இருக்கின்றன என்று யாருக்கும் விளங்காது.

நுழைவாயிலை ஒட்டி இருப்பவை ஊறல் தொட்டிகள். மண்டியிலிருந்து வரும் தோல் உப்புப் போட்டு வரும். தோல் எடையில் நூற்றுக்கு நாற்பது பங்கு உப்பு. ஆட்டுத் தோல் என்றால் ஒன்றுக்கு முக்கால் கிலோ, ஒரு கிலோ. உரித்த தோலுக்கு நம் வெயிலில் சில மணி நேரத்துக்குள் உப்புப் போடாவிட்டால் அழுகத் தொடங்கிவிடும். பக்ரீத் நாளில் மண்டிகள் இரவெல்லாம் திறந்திருப்பதற்குக் காரணம் அதுவே. ஊறலில் தண்ணீரை மூன்று முறையாவது மாற்ற வேண்டும், உப்பும் இரத்தமும் சாணமும் போக. ஊறல் போதாவிட்டால் அடுத்துச் சுண்ணாம்பு உள்ளே இறங்காது. கோடையில் நேரம் கூடிவிட்டாலோ மேல்தோல் அரித்துப் பொடிப்பொடியாகக் குழி விழும். அந்தக் குழி கடைசிவரை மறையாது. தரம் பிரிக்கும்போது சரக்கு இரண்டு படி இறங்கிவிடும்.

அடுத்த மூன்றும் சுண்ணாம்புத் தொட்டிகள்: பழசு, நடு, புதுசு. பலமுறை பயன்படுத்திய பழைய சுண்ணாம்பில் முதலில் இறக்குவது மயிர்க்கால் தளர்வதற்காக. புதுச் சுண்ணாம்பில் கடைசியாக இறக்குவது தோலின் நார் விரிந்து பட்டைச்சாறு ஏற இடம் கொடுப்பதற்காக. மாட்டுத் தோலுக்கு ஒரு வாரம் முதல் பத்து நாள். சோடியம் சல்பைடு சேர்க்கத் தொடங்கியபின் நாள் குறைந்தது, நாற்றமும் ஆபத்தும் கூடின. தினமும் தோலைக் கொக்கியால் வெளியே இழுத்துப் போட்டு, தொட்டியைக் கலக்கி, மறுபடி இறக்க வேண்டும். சுண்ணாம்பு அடியில் படியும் குணமுடையது. கலக்காமல் விட்டால் மேலே கிடக்கும் தோல் வெறும் தண்ணீரில் கிடந்ததாகும். இந்த வேலையைச் செய்த கைகளில் நகக்கண் அரித்திருக்கும். ரப்பர் கையுறை எல்லா ஷாப்பிலும் கொடுக்கப்படவில்லை. கொடுத்த இடத்திலும் வழுக்கும் தோலைக் கையுறையோடு பிடிக்க முடியாது என்று கழற்றிவைத்தார்கள்.

தொட்டிகளுக்குப் பக்கத்தில் சாய்வாக நிற்கும் வளைந்த மரங்களை உங்கள் பட்டியல் 'உடைந்த மரச்சாமான்' என்கிறது. மயிரெடுப்பதும் ஜவ்வெடுப்பதும் அந்தச் சாய்மரத்தின் மேல்தான். இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள வளைந்த கத்தி. மயிருக்கு மழுங்கியது, ஜவ்வுக்குக் கூரானது. ஜவ்வெடுப்பவர் கை ஒரு நூல் ஆழம் தவறினால் தோல் ஓட்டையாகிவிடும். எடுத்த மயிர் கம்பளத்துக்குப் போயிற்று. ஜவ்வும் ஓரத்துண்டும் காய்ச்சி வச்சிரப் பசையாயிற்று. தச்சர் பட்டறைகளில் மணத்த வச்சிரத்தின் பிறப்பிடம் இந்தச் சாய்மரம்.

சுண்ணாம்பை முழுக்க வெளியேற்றாமல் பட்டையில் இறக்கக் கூடாது. கழுவி, அம்மோனியா உப்பில் ஓட்டி, கழுத்துப் பக்கம் தடித்த இடத்தில் ஒரு வெட்டுப் போட்டு, வெட்டுவாயில் பினாப்தலின் சொட்டு விட்டுப் பார்ப்பது வழக்கம். சுண்ணாம்பு நிற்கும் இடம் இளஞ்சிவப்பாகும். சுண்ணாம்பு உள்ளே தங்கிவிட்டால் பட்டைச்சாறு பட்டதும் தோல் கறுத்து, காய்ந்தபின் மடித்தால் மேல்பக்கம் வெடிக்கும்.

கட்டடத்தின் நடுக்கூடம் முழுவதும் பட்டைத் தொட்டிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஆறடி நீளம், நாலடி அகலம், ஐந்தடி ஆழம். ஆவாரம்பட்டையில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை தோலைப் பதமாக்கும் துவர்ச்சத்து. பின்னாளில் வந்த வாட்டில் மரத்தின் பட்டையில் அதைப்போல இரண்டு பங்கு. வாட்டில் முதலில் தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது, பிறகு நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நட்டார்கள். இன்று அங்கே அதைக் களை என்று பிடுங்குகிறார்கள், அது வேறு கதை. முக்கியமானது, புதுத் தோல் பழைய சாற்றில்தான் முதலில் இறங்கும். பல தோல்கள் உறிஞ்சிச் சத்துக் குறைந்த சாறு அது. நாளாக நாளாக அடுத்த தொட்டி, அதைவிடக் காரமான சாறு, கடைசியில் புதுப் பட்டைச்சாறு. தோல் ஒரு திசையில் நகரும், சாறு எதிர்த்திசையில் நகரும். அவசரப்பட்டுப் பச்சைத்தோலைக் காரச் சாற்றில் போட்டால் மேலும் கீழும் உடனே பதமாகி இறுகிவிடும், நடுவில் சாறு போக வழியிருக்காது. வெட்டிப் பார்த்தால் பழுப்புக்கு நடுவே வெள்ளைக் கோடு ஓடும். அந்தத் தோல் வளைத்தால் உடையும். நல்ல மேஸ்திரி சாற்றை நாக்கில் வைத்தே எந்தத் தொட்டி எந்த நிலை என்று சொல்வார். இந்தக் கணக்கு எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை, தொட்டி வரிசையிலும் தொட்டிக்குத் தொட்டி சாறு மாற்றும் வாய்க்காலிலும்தான் இருக்கிறது. அந்த வாய்க்காலும் சேர்த்துத்தான் மூடப்படுவதாக உங்கள் வரைபடம் காட்டுகிறது.

மாட்டுத் தோல் பட்டையில் மூன்று நாலு வாரம் கிடந்தபின் கடுக்காய்த் தொட்டியில் இரண்டு மூன்று நாள். வெறும் வாட்டில் தோல் வெளிச்சம் படப்படச் சிவந்துபோகும். கடுக்காய் அதைத் தடுத்து வெளிர் மஞ்சள் நிறம் தரும். பிறகு புங்க எண்ணெய் தேய்த்து, சுருக்கம் நீவி, மாடியில் காற்றோட்டத்தில் நிழலுலர்த்தல். வெயிலில் போட்டால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, தோல் தகடாகிவிடும். அந்த மாடியின் மரச்சட்டங்களும் காற்றுப் பலகைகளும் உங்கள் இடிப்புப் பட்டியலில் 'விறகு' என்ற தலைப்பில் இருக்கின்றன.

இன்னொன்றும் பார்க்கலாம். அந்த நடுக்கூடத்தில் இரும்பு ஆணி ஒன்றுகூட இருக்காது. மரமுளை, பித்தளை, செம்பு மட்டுமே. துவர்ச்சாற்றில் இரும்பு பட்டால் மசிபோல் கறுக்கும், தோலில் ஒரு துளி பட்டாலும் கறை போகாது. கட்டியவர்கள் எவ்வளவு யோசித்துக் கட்டினார்கள் என்பதற்கு இது போதும்.

பின்பக்கக் கொட்டகையில் நிற்கும் மர டிரம்கள் அடுத்த காலத்தின் சாட்சி. சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்டைக்குப் பதில் குரோம் உப்பால் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே அந்தத் தொழிலால். ஆனாலும் நம் பக்கம் பட்டைத் தோல் பல பத்தாண்டு தாக்குப்பிடித்தது. 1973-ல் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்து, முழுமையாக முடித்த தோலும் செருப்பும்தான் போக வேண்டும் என்று கொள்கை மாறியபின் நிலைமை தலைகீழானது. பட்டையில் வாரக்கணக்கில் ஆவது குரோமில் ஒரே நாளில் முடிகிறது. உப்பும் கந்தக அமிலமும் போட்டுப் புளிக்க வைத்து, தோல் எடையில் எட்டு விழுக்காடு குரோம் உப்புப் போட்டு டிரம்மைச் சுழற்றினால் மறுநாள் காலை வெட் ப்ளூ என்னும் நீல ஈரத்தோல் இறங்கும். கொதிநீரிலும் சுருங்காது. பட்டைத் தோல் எண்பது டிகிரி தாண்டினால் சுருங்கிவிடும். ஷூ கம்பெனிகளுக்கு எது வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு காலமும் இருக்கும் கட்டடம் இது. அதனால்தான் இதை விட முடியாது என்கிறோம்.

இனி, நீங்கள் செய்யப்போகும் வேலையில் உள்ள ஆபத்து. இதை வரலாற்று ஆர்வத்தால் சொல்லவில்லை. ஆள் சாவான் என்பதால் சொல்கிறோம்.

பூட்டிக் கிடக்கும் சுண்ணாம்புத் தொட்டியின் அடியில் முழங்கால் அளவுக்குச் சேறு இருக்கிறது. மேலே காய்ந்து ஓடுபோல் தெரியும், உள்ளே ஈரம். அதில் சல்பைடு தங்கியிருக்கும். ஒப்பந்தக்காரர் சுண்ணாம்புப் படிவத்தைக் கரைக்க ஆசிட் ஊற்றினால் போதும், ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். இது காற்றைவிடக் கனமானது, ஐந்தடித் தொட்டியில் அப்படியே தேங்கி நிற்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குபவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சேறுதானே என்று நினைக்கக் கூடாது என்பதற்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

சேற்றை எடுக்காமல் மேலே கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடினால் வேறு சிக்கல். மழை நீர் இறங்கி உப்பையும் சல்பைடையும் கரைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம்தான் போகும். தொட்டி மனை ஆற்று மட்டத்தைவிடச் சில அடியே உயரம். அக்கம்பக்கத்துத் தெருக்களில் இன்றும் போர் தண்ணீரைத் துணி துவைக்கப் பயன்படுத்துகிறார்கள். டிரம் கொட்டகைக்குப் பின்னால் குவிந்திருக்கும் நீலச் சீவல் குரோம் தோல் சீவல். அதைக் குப்பையோடு சேர்த்து எரித்தால் தீங்கு குறைந்த குரோமியம் நச்சுக் குரோமியமாக மாறும். மதில் இடுக்கில் இப்போதே யாரோ எரித்த கரி தெரிகிறது.

ஆற்றைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். தொழிலைப் போற்றச் சொல்லி இதை எழுதவில்லை. சில நண்பர்கள் பட்டைக் காலத்தில் ஆறு சுத்தமாக ஓடியது, குரோம் வந்துதான் கெட்டது என்று எழுதச் சொல்வார்கள். அது உண்மையில்லை. ஊறல் தண்ணீரின் உப்பு இரண்டு காலத்துக்கும் பொது. சுண்ணாம்பும் சல்பைடும் இரண்டுக்கும் பொது. பட்டைச்சாறு கறுப்பாகப் போய் நீரிலுள்ள பிராணவாயுவைத் தின்றது. குரோம் பயமுறுத்தும் பெயர், ஆனால் கிணற்றைக் கெடுத்ததில் உப்புக்குப் பெரும் பங்கு. உப்புக்கு நிறமில்லை, அதனால் யாரும் அஞ்சவில்லை. தென்னையின் மட்டை நுனி கருகிய பிறகுதான் தெரிந்தது. நிலத்தில் ஏறிய உப்பை எடுக்க இன்றுவரை எளிய வழியில்லை.

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை நாடெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். மாசு செய்தவரே ஈடு தர வேண்டும், ஆபத்து முழுதாக நிரூபணமாகும் வரை காத்திராமல் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு உறுதியாகச் சொன்னது நம் ஆற்றை முன்வைத்துத்தான். டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். தோல் தொழில் பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அதன்பிறகு வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், சவ்வூடு வடிகட்டும் இயந்திரங்கள், நீரை ஆவியாக்கியபின் மிஞ்சி வாங்க ஆளில்லாமல் குவியும் கலப்பு உப்பு மூட்டைகள், இவையும் நம் நகர வரலாறுதான். இதில் ஒன்றுகூட வரைவில் இல்லை. வேலூரைப் பற்றிய பழைய கேலியில் சாமியில்லாத கோயில், நீரில்லாத ஆறு என்று வரும். கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் 1981-ல் திரும்பி வந்துவிட்டார். ஆற்றைப் பற்றிய வரி மட்டும் அப்படியே நிற்கிறது, அதைச் சொல்லக் கூடாத கூடம் எதற்கு?

வேலை செய்தவர்கள் யார் என்பதையும் மறைக்க வேண்டாம். சுண்ணாம்புத் தொட்டிக்கும் சாய்மரத்துக்கும் அனுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் சேரிகளிலிருந்து வந்தவர்கள். தோலைத் தொட்ட கை என்று ஊருக்குள் டீக்கடையில் தனிக் குவளை வைத்த காலம் இருந்தது. அதே தோல் பதமாகி எண்ணெய் மின்னும்போது தொட யாருக்கும் தயக்கமிருக்கவில்லை. முதலாளிகளில் பலர் முஸ்லிம் வணிகர்கள். அவர்கள் ஈட்டியதில் ஒரு பகுதி பள்ளியும் கல்லூரியுமாயிற்று. மேல்விஷாரத்துத் தோல் வணிகர் நவாப் சி. அப்துல் ஹக்கீம் சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரே கட்டிய சித்திக் சராய் இன்றும் பயணிகளுக்கு உதவுகிறது, அவர் பெயரில் நம் பக்கம் கல்லூரி இருக்கிறது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-ல் தொடங்கியது. இதெல்லாம் சுவரில் வரட்டும். ஆனால் வள்ளல்களின் படத்துக்குப் பக்கத்தில் தொட்டியில் நின்றவர்களின் வேலையும் கூலியும் நோயும் அதே அளவு எழுத்தில் வர வேண்டும். மாடியில் உலர்த்தியும் பட்டை பொறுக்கியும் வேலை செய்த பெண்களும், இன்று ஷூ கம்பெனிகளில் மேல்பாகம் தைக்கும் பெண்களும் வரைவில் படமாகக்கூட இல்லை. வேலைத்தலத்தில் தமிழும் உருதும் கலந்தே ஓடின. வரைவோ தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் பலகை வைக்கச் சொல்கிறது.

கட்டடம் பாதுகாப்பற்றது, பராமரிக்கப் பணமில்லை என்பது நாங்கள் முன்பு கொடுத்த மனுவுக்கு வாய்மொழியாகக் கிடைத்த பதில். பாதுகாப்பற்றது மேற்குச் சுவரும் டிரம் கொட்டகையின் ஒரு மூலையும். தொட்டிகள் திடமானவை. பராமரிப்பும் பெரிய காரியமில்லை, தப்பான பொருளைப் பயன்படுத்தாமலிருந்தால். தொட்டிகளின் உட்பூச்சு சுண்ணாம்பு. அதன்மேல் சிமென்ட் பூசினால் சுவரிலுள்ள ஈரமும் உப்பும் வெளியேற வழியின்றிப் பின்னால் தேங்கி, இரண்டு மழைக்காலத்தில் சிமென்ட்டோடு சேர்ந்து பழைய பூச்சும் பாளமாக உதிரும். புளிக்க வைத்த சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் கோயில் வேலைகளில் இன்றும் கிடைக்கிறார்கள். தொட்டி வாயில் இரும்புக் கம்பி வலை பொருத்தாதீர்கள், துரு வழிந்து பட்டைக்கறை படிந்த சுவரெல்லாம் கறுத்துவிடும். மரச்சட்டமும் பித்தளைத் திருகும் போதும். டிரம்களைக் கொட்டகையை விட்டு வெயிலுக்கு உருட்டவே கூடாது. பல ஆண்டு நீர் குடித்த மரம் அது. அக்னி நட்சத்திரத்தில் ஒரு வாரம் நின்றால் பலகைகள் சுருங்கி, இரும்புப் பட்டை தளர்ந்து, முட்டை ஓடு போல விரிந்து விழும். நிழலில், ஈரச் சாக்கு போர்த்தி, மாதக்கணக்கில் மெல்ல உலர விட வேண்டும்.

நாங்கள் கேட்பது இவை.

இடிப்பு ஒப்பந்தப்புள்ளியை நிறுத்திவையுங்கள். எதையும் தொடுமுன் கட்டடம் முழுவதையும் அளந்து, தொட்டி, வாய்க்கால், சாய்மரம், மாடிச் சட்டம் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து வரைபடமும் புகைப்படமும் எடுக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மூலம் சேற்றையும் மண்ணையும் பரிசோதித்து முடிவை வெளியிட வேண்டும். சேற்றை எடுப்பதென்றால் பம்பு வைத்து வெளியிலிருந்தே எடுங்கள், ஆளை இறக்காதீர்கள். வாயு அளக்கும் கருவி இல்லாமல் மூடியைக்கூடத் திறக்க வேண்டாம். ஆசிட் கூடவே கூடாது. நீலச் சீவலை அபாயக் கழிவாகப் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்புங்கள்.

ஊறல் தொட்டி ஒன்று, சுண்ணாம்புத் தொட்டி மூன்று, பட்டைத் தொட்டி ஒரு முழு வரிசை, கடுக்காய்த் தொட்டி ஒன்று, இவற்றை இணைக்கும் வாய்க்கால், மாடியில் பாதி, டிரம் இரண்டு. இவ்வளவும் இருக்கும் இடத்திலேயே நிற்க வேண்டும். மனையின் கால் பங்குக்கு மேல் ஆகாது, மிச்சத்தில் வாகனம் நிறுத்த இடமிருக்கிறது. வரலாற்றுக் கூடத்தைப் புதிதாகக் கட்டாமல் நடுக்கூடத்தையே கூடமாக்கினால் செலவும் குறையும். பாதுகாப்பு வேலைக்கு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திடமும் மாநிலத் தொல்லியல் துறையிடமும் எழுத்தில் ஆலோசனை கேளுங்கள். முதல் நிறுவனம் 1948 முதல் சென்னையில் இருக்கிறது, ரயிலில் மூன்று மணி நேரம்.

அலுவலக அறையில் கிடக்கும் கூலிப் பதிவேடுகளையும் சரக்குக் கணக்குகளையும் பழைய காகிதக் கடைக்கு எடை போடாதீர்கள். கரையான் ஏறுமுன் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் ஒப்படையுங்கள். பட்டைத் தொட்டி வேலை தெரிந்தவர்களின் பேச்சைத் தமிழிலும் உருதுவிலும் பதிவுசெய்ய ஏற்பாடு வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு ஆள் குறைந்துகொண்டே வருகிறது.

கூடத்தின் வரைவைத் திருத்தி எழுதுங்கள். பதனிடும் முறை, வேலை செய்தவர்கள், ஆறு, 1996 தீர்ப்பு, 2015 விபத்து ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பகுதி வேண்டும். எழுதும் குழுவில் தொழிலாளர் தரப்பிலும் பாலாற்றுப் பாசன விவசாயிகள் தரப்பிலும் ஆள் இருக்க வேண்டும். திருத்திய வரைவை மன்றத்தில் வைக்குமுன் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்று நடத்துங்கள். கூட்டம் வெள்ளிக்கிழமையில் வேண்டாம், ஜும்ஆ நேரத்தில் பாதிப் பேர் வர முடியாது.

இதற்கான பதில் ஒப்பந்தப்புள்ளி திறக்கும் தேதிக்கு முன் எழுத்தில் வேண்டும். முடிவெடுக்குமுன் ஆணையரும் பொறியாளரும் ஒருமுறை நேரில் வந்து பாருங்கள். எந்தத் தொட்டி எதற்கு என்று நடந்தே காட்ட எங்களில் ஆளிருக்கிறார்கள். காலையில் வருவது நல்லது, வெயில் ஏறிவிட்டால் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் நிற்க முடியாது.

இப்படிக்கு,
பட்டைத் தோல் ஷாப்பின் முன்னாள் தொழிலாளர்கள், மேஸ்திரிகள், கணக்கர்கள்
பாலாற்றங்கரை, பழைய வட ஆற்காடு மாவட்டம்